கிணற்றின் வழக்கு

'தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே' என்பது நம் பாட்டிமார் சொல்லிச் சென்ற பழமொழி. தண்ணீரைப் பழிப்பதே தகாது என்று கருதிய மக்கள், அதில் நஞ்சைக் கலப்பதற்கென்றே குழாய் பதிக்கும் காலம் ஒன்று வருமென்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். கருதியிருப்பின், அதற்கும் ஒரு பழமொழியை ஆக்கி வைத்திருப்பர். ஆக்கவில்லை. ஆகவே, அதற்குரிய சொல்லையும் சட்டத்தையும் ஆக்கும் பொறுப்பு நம் தலைமுறையின் தோள்மீது விழுந்திருக்கிறது.

ஊர்க் கிணறு ஒன்று கெட்டுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரை இனித்த நீர் இன்று கரிக்கிறது. உலையிலிட்ட அரிசி பதங்கெடுகிறது. குளித்தவர் உடல் அரிக்கிறது. 'யார் கெடுத்தது?' என்று கேட்கிறாள், இடுப்பில் வெறுங்குடத்தோடு நிற்கும் தாய். ஆலையின் வாயிற்காவலர், 'எனக்கென்ன தெரியும், அம்மா! நான் கூலிக்கு நிற்பவன்' என்கிறார். மேலாளர், 'மேலிடத்து ஆணை' என்கிறார். அடுத்த திங்களே அவர் வேறூருக்கு மாற்றப்படுகிறார். மேலிடத்தாரோ, 'நாங்கள் பங்குதாரர்களுக்குக் கட்டுப்பட்டவர்கள்' என்கின்றனர். பங்குதாரர், பாவம், அந்த ஊரின் பெயரையே அறியாதவர். ஆண்டு முடிவில் வரும் ஆதாயத்தை மட்டும் அறிந்தவர். அதிகாரியைக் கேட்டால், 'கோப்பு மேலே போயிருக்கிறது' என்று விடை வருகிறது. எல்லோருடைய கையும் தூய்மையான கை, கழுவிய கை! கழுவிய நீர் மட்டுந்தான் அழுக்கு!

குற்றம் நடந்திருக்கிறது, குற்றவாளி இல்லை. இந்த விந்தையைத்தான் இன்று நாம் ஆராய முற்படுகிறோம். மனச்சான்று இல்லாத ஒன்றைக் குற்றவாளி என்று கூறலாமா? கூறலாமெனில், அதைக் கேட்கும் உரிமை யாருக்கு? நாட்டை ஆள்வோருக்கா, நிபுணருக்கா, நீதிபதிக்கா, அல்லது அந்தக் கிணற்றைச் சுற்றி வாழும் ஊருக்கா?

முதற் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

கம்பெனி என்பது சட்டம் படைத்த மனிதன். அதற்குத் தாயில்லை, தந்தையில்லை, பசியில்லை, தாகமில்லை, ஆனால் பெயருண்டு, முத்திரையுண்டு. அது நிலம் வாங்கும், கடன் கேட்கும், வழக்குத் தொடுக்கும். தன் உரிமை பறிபோயிற்று என்று உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டும்போது, 'நீ மனிதனல்லவே, உனக்கேது உரிமை?' என்று யாரும் அதை விரட்டுவதில்லை. வாங்கும்போது மனிதன், கேட்கும்போது மனிதன். பொறுப்பேற்க வேண்டிய வேளை வந்ததும் வெறும் காகிதம்! இந்த இரட்டை வேடத்தை அறிவுடையோர் எங்ஙனம் ஒப்புவர்?

'நெஞ்சமில்லாத ஒன்று எப்படிக் குற்றம் செய்யும்?' என்று கேட்போர், குற்றத்தையும் பொறுப்பையும் ஒன்றெனக் குழப்புகின்றனர். கம்பெனி கண்ணீர் விடவேண்டும், கழுவாய் தேடவேண்டும், உள்ளம் உருகி மன்னிப்புக் கோரவேண்டும் என்றெல்லாம் நாம் கேட்கவில்லை. உருகுவதற்கு உள்ளம் இல்லாத ஒன்றிடம் அதைக் கேட்பது வீண். நாம் கேட்பது கணக்கு. கெடுத்தது எவ்வளவு? அதைச் சீராக்க ஆகும் செலவு எவ்வளவு? அதைக் கொடு! மனச்சான்று இல்லாததால் ஒன்று பொறுப்பிலிருந்து விடுபடாது. மனச்சான்று இல்லாததால்தான் அதற்குச் சட்டம் மேலும் தேவைப்படுகிறது. தானே நாணுகிறவனுக்குக் காவல் வேண்டியதில்லை. நாணத் தெரியாததற்கன்றோ காவல் வேண்டும்!

இனி, இரண்டாம் கேள்வி. இதற்கு விடை காண ஏட்டைப் புரட்டுவதைவிட, ஓர் ஊருக்குச் சென்று வருவது நன்று.

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால், சித்தூர் வட்டம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் கேரளம். ஆனால் அங்கும் தமிழ் பேசும் மக்கள் பலர் உண்டு. அவ்வட்டத்தில் பெருமாட்டி என்றோர் ஊராட்சி. அதில் பிளாச்சிமடை என்றோர் சிற்றூர். எரவாளர், மலசர் முதலான பழங்குடி மக்களும், சிறு நிலம் வைத்திருக்கும் உழவரும், கூலிக்குச் செல்லும் ஏழையரும் வாழும் இடம். 2000-ஆம் ஆண்டில் அங்கு ஓர் ஆலை எழுந்தது. உலகெங்கும் பெயர் பெற்ற கொக்கோ கோலா நிறுவனத்தின் இந்தியக் கிளை, ஏறத்தாழ 34 ஏக்கரில் எழுப்பிய குளிர்பான ஆலை. உரிமம் கொடுத்தது யார்? பெருமாட்டி ஊராட்சியேதான். வேலை வரும், வரி வரும், வளம் வரும் என்று நம்பிக் கொடுத்த உரிமம்.

ஆலை ஆழ்துளைக் கிணறுகள் வழியே நிலத்தடி நீரை உறிஞ்சத் தொடங்கியது. சில திங்களுக்குள் சுற்றியிருந்த கிணறுகளில் நீர் தாழ்ந்தது. தாழ்ந்து கிடந்த நீரும் கெட்டது என்று ஊர்ப் பெண்கள் முறையிட்டனர். 'மழை குறைந்தது, அதற்கு நாங்கள் என்ன செய்வோம்?' என்றது நிறுவனம். ஆலையிலிருந்து வெளிப்பட்ட கழிவுச் சேறோ, 'உரம்' என்ற பெயரில் உழவர்க்கு வழங்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், ஆலை வாயிலின் எதிரே பந்தலிட்டு மக்கள் அமர்ந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர் மயிலம்மா. எரவாளர் குலத்துப் பெண். பட்டம் பெற்றவரல்லர், பதவி வகித்தவரல்லர். அவர் அறிந்தது தம் கிணற்றின் சுவை. நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்ற ஒப்பீடு. ஆராய்ச்சியின் தொடக்கமும் அதுதானே!

நிபுணர்கள் என்ன செய்தனர்? 2003-ஆம் ஆண்டு சூலையில், பிரிட்டனின் பி.பி.சி. வானொலி, அந்தச் சேற்றை எடுத்துச் சென்று எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்வித்து, அதில் காரீயமும் காட்மியமும் இருப்பதாக உலகறியச் சொன்னது. அதன் பின்னரே கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆய்ந்தது. காட்மியம் அளவுக்கு மீறி இருக்கக் கண்டது. 'உரமாகக் கொடுக்காதே' என்று ஆணையிட்டது. பிளாச்சிமடைப் பெண்களின் நாக்கு ஓராண்டுக்கு முன்பே சொன்னதைக் கேட்க, செய்தி கடல் கடந்து போய்த் திரும்பி வரவேண்டியிருந்தது! நாம் நிபுணரைப் பழிக்கவில்லை. அறிவியலன்றி அரை அடியும் நகரமுடியாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், ஆய்வுக்கூடம் அடுத்த தெருவில் இருந்தாலும், 'ஆய்ந்து பார்' என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய், குடிப்பவரின் வாயாகத்தான் இருக்கமுடியும்.

மக்கள் அமர்ந்து ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், 2003-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி விழித்தது. உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. எண்ணிப் பார்ப்போம், தோழர்களே! ஒருபுறம் உலக நாடுகளிலெல்லாம் கிளை பரப்பிய நிறுவனம். மறுபுறம் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் கணக்குப் பார்க்கும் சிற்றூர் மன்றம். அந்த ஆலையிடமிருந்து வந்துகொண்டிருந்த வருவாயையும் இழக்கத் துணிந்து, 'எங்கள் மக்களின் தண்ணீர் பெரிது' என்று தீர்மானம் எழுதியது அந்த மன்றம்.

வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அங்கு எழுந்த கேள்வி, நாம் மேலே எழுப்பிய கேள்விக்கும் அடிப்படையானது: நிலத்தடியில் இருக்கும் நீர் யாருடையது? 1882-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்ட வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தின் அடியில் வரையறுத்த ஓட்டமின்றிக் கிடக்கும் நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்துக்கு உடையவனிடம் கொடுத்திருக்கிறது. ஏற்றம் இறைத்த நாளில் அச்சட்டத்தால் பெருந்தீங்கு நேரவில்லை. ஒரு மனிதன் எவ்வளவு இறைத்துவிட முடியும்? இயந்திரம் வந்ததும் நிலைமை மாறியது. வேலி தரைமீது நிற்கிறது. நீரோ தரைக்கடியில் வேலியறியாது ஓடுகிறது. என் நிலத்தில் குழாயிட்டு உன் கிணற்றை நான் குடித்துவிடலாம்!

2003-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், தனி நீதிபதி தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து. அரசு அதன் அறங்காவலர் மட்டுமே. அதைக் காக்கும் கடமை அரசுக்கும் ஊராட்சிக்கும் உண்டு. நிலம் வைத்திருப்பவர் தம் நிலத்தின் அளவுக்குத் தக, மற்ற நிலக்காரர் எடுக்கும் அளவே எடுக்கலாம் என்றார். ஆலையையே மூடென்று ஊராட்சி ஆணையிட்டது அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்றும் அவரே கூறினார். அறங்காவலர் என்ற சொல்லை நினைவிற் கொள்வோம். அறங்காவலன் பொருளைக் காக்கலாம், விற்கமுடியாது. விற்றால் அவனுக்கு வேறு பெயர் உண்டு.

2004 மார்ச்சில் ஆலை இயங்குவது நின்றது. ஆனால் 2005 ஏப்ரலில், இரு நீதிபதிகள் அமர்ந்த ஆயம், நிபுணர் குழுவின் அறிக்கையை ஏற்று, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றும், ஊராட்சி உரிமம் வழங்கவேண்டும் என்றும் தீர்ப்பை மாற்றியது. ஒரே ஊர், ஒரே கிணறு, ஒரே நாட்டின் சட்டம். தீர்ப்பு மட்டும் இரண்டு! ஆயினும் ஆலை மறுபடியும் நிலையாக இயங்கவில்லை. மக்கள் பந்தலைவிட்டு எழவில்லை. 2007 சனவரியில் மயிலம்மா மறைந்தார். இழப்பீடு என்று ஒரு காசும் வராத நிலையில் மறைந்தார்.

பிறகுதான் சட்டத்தின் கதை வருகிறது. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, 2010-ஆம் ஆண்டில், அவ்வூருக்கு நேர்ந்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், அந்த இழப்பீட்டை வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் சட்டமுன்வடிவைக் கேரளச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேற்றுமையில்லை. ஊராட்சி கேட்டது, சட்டமன்றம் கேட்டது, ஆயினும் குடியரசுத் தலைவரின் இசைவு கிடைக்கவில்லை. 'தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே, அங்கே போகலாமே' என்ற வாதம் தில்லியில் எழுந்தது. போகலாம்தான்! ஆனால், தீங்கு முதன்முதல் நேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் இழப்பீடு கோரவேண்டும் என்கிறது 2010-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். ஆலை ஓடத் தொடங்கியது 2000-இல், நின்றது 2004-இல். தீர்ப்பாயம் பிறந்ததோ 2010-இல். கதவைத் திறந்த நாளில், 'உனக்குரிய நேரம் முடிந்துவிட்டது' என்று சொல்லும் மன்றத்துக்குச் செல்லென்று ஏழைக்கு வழிகாட்டுவது எத்தகைய நீதி?

ஊரின் பக்கம் நிற்கும் நம்மை நோக்கிச் சிலர் கேள்விக்கணை தொடுப்பர். அவற்றுள் நேர்மையானவையும் உண்டு. அவற்றுக்கு விடையளிக்காமல் நகர்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

'உரிமம் கொடுத்ததே அந்த ஊராட்சிதானே? கொடுத்த கை பறிக்கலாமா?' என்பர். கொடுத்தது உண்மை. பிழையென்று கண்டபின் திருத்திக்கொண்டதும் உண்மை. திருந்தும் உரிமை மனிதனுக்கு உண்டெனில், மன்றத்துக்கு ஏன் இல்லை? ஆலைக்கு வழங்கியது தொழில் நடத்தும் உரிமம். கிணற்றைக் கெடுக்கும் உரிமத்தை எந்த மன்றமும் வழங்கமுடியாது, ஏனெனில் அது எந்த மன்றத்தின் கையிலும் இல்லை.

'வேலை போய்விடுமே!' என்பர். இது வெறும் வாதமன்று. அடுப்பெரியும் வீட்டின் கவலை. அதை நாம் எள்ளமாட்டோம். ஆனால் கேட்கிறோம்: ஆலைக்குள் சில நூறு பேருக்கு வேலை கிடைக்க, ஆலைக்கு வெளியே உழவும் கூலியும் உடல் நலமும் இழந்தோரின் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? கழிவைத் தூய்மைப்படுத்தும் செலவை ஏற்றால் நட்டம் வருமெனில், இதுவரை வந்த இலாபம் யாருடையது? ஊராரின் கிணற்றிலிருந்து, அவர்களைக் கேளாமல் எடுத்த கடனன்றோ அது!

'ஊருக்கு ஊர் சட்டம் போட்டால் தொழில் வளருமா?' என்பர். சப்பான் நாட்டை நோக்குவோம். அங்கே மினமாட்டா என்ற கடற்கரை ஊரில், சிசோ என்ற நிறுவனம் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீனை உண்டவர் நரம்பு தளர்ந்து துடித்தனர். 1956-ஆம் ஆண்டு நோய் வெளிப்பட்டது. கழிவு நின்றதோ 1968-இல்தான். ஊரே அந்த ஆலையை நம்பி வாழ்ந்ததால், ஊரின் வாய் அடைபட்டிருந்தது. ஆனால் அதே நாட்டில், 1964-ஆம் ஆண்டு யோகோகாமா நகராட்சி, தன் எல்லைக்குள் வரும் மின்நிலையத்தோடு மாசுத் தடுப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. மற்ற நகரங்களும் அவ்வழி சென்றன. 1969-இல் தோக்கியோ, நாட்டுச் சட்டத்தைவிடக் கடுமையான விதிகளைத் தானே இயற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் கூடி, மாசு பற்றிய 14 சட்டங்களை நிறைவேற்றியது. பொருளாதார வளர்ச்சிக்கு இசைய மாசைத் தடுக்கலாம் என்று முன்னைய சட்டத்தில் இருந்த ஒரு தொடரையும் வெட்டி எறிந்தது. அதனால் சப்பானின் தொழில் அழிந்தா போயிற்று? நகரம் முன்னே நடந்தது. நாடு பின்னே வந்தது.

இன்னொரு கேள்வி உண்டு. அது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. 'நகராட்சிகளும் ஊராட்சிகளும் மட்டும் யோக்கியமோ?' இல்லை! மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் கழிவுநீர் ஏறத்தாழ 72,000 மில்லியன் லிட்டர். அதில் தூய்மை செய்யப்பட்டது ஏறத்தாழ 20,000 மட்டுமே. மத்தியப் பிரதேசத்து இரத்லம் நகராட்சி, 'சாக்கடை கட்டப் பணமில்லை' என்று கைவிரித்தபோது, 1980-இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பும் சாக்காகாது என்று தீர்ப்பளித்தார். அவர் பாலக்காட்டு மண்ணில் பிறந்தவர் என்பதும் குறிக்கத்தக்கது. ஆகவே, கம்பெனியைக் கணக்குக் கேட்கும் ஊராட்சி, தன் சாக்கடைக்கும் கணக்குக் கொடுக்கவேண்டும். பிறரை அளக்கும் கோலால் தன்னையும் அளக்காதவன் அளப்பது அளவன்று.

இதனினும் ஆழமான ஓர் ஐயம் உண்டு. நாம் சிற்றூரைக் கும்பிடுகிறவர்களல்லர். 'கிராமம் புனிதமானது, அங்கே நீதி தானே பூக்கும்' என்று பாடுவோரின் பஜனையில் நாம் சேரமாட்டோம். அரசியல் நிர்ணய மன்றத்தில் 1948-ஆம் ஆண்டு அம்பேத்கர் அந்தப் பாட்டை மறுத்துப் பேசினார். ஊரின் குறுகிய மனத்தையும் அறியாமையையும் எடுத்துக்காட்டினார். அவர் ஏட்டில் படித்துச் சொன்னதன்று. குடிக்கத் தண்ணீர் கேட்டு அறிந்தது. மகாராட்டிரத்து மகாத் நகராட்சி, தன் குளத்தில் ஒடுக்கப்பட்டோரும் நீர் எடுக்கலாம் என்று 1924-இல் தீர்மானம் எழுதியது. தீர்மானம் ஏட்டில் இருந்தது; நீர் அவர்க்கு எட்டவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கரின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சென்று அந்நீரை அருந்தினர். என்ன நேர்ந்தது? தாக்குதல் நேர்ந்தது. ஆகஸ்டுத் திங்களில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது! 1937-இல் உயர்நீதிமன்றம் சொன்ன பின்னரே உரிமை உறுதியாயிற்று.

ஒரு மன்றம் தண்ணீரைத் திறந்துவிடவும் செய்யும், பூட்டவும் செய்யும் என்பதற்கு இது சான்று. அப்படியெனில், ஊராட்சியை ஏன் நாம் ஆதரிக்கிறோம்? ஊர் புனிதம் என்பதாலன்று. ஊர் அருகில் இருக்கிறது என்பதால். ஊராட்சித் தலைவர் அதே கிணற்றில் குடிக்கிறார். அடுத்த தேர்தலில் அதே தெருவில் வாக்குக் கேட்டு நடக்கவேண்டியவர். அவரை ஒரு குரலில் கூப்பிடலாம். பங்குதாரரைக் கூப்பிட முடியுமா? மேலும், பெருமாட்டி ஊராட்சியும் தானே விழிக்கவில்லை என்பதை மறக்கலாகாது. பழங்குடிப் பெண்கள் வெயிலிலும் மழையிலும் ஓராண்டு அமர்ந்தபின்தான் விழித்தது. ஊர் மன்றத்தின் அறம், அந்த ஊரின் மிகத் தாழ்த்தப்பட்டவரின் குரல் அதன் தீர்மான ஏட்டில் ஏறுகிறதா என்பதில்தான் இருக்கிறது. ஏறினால் அது மக்கள் மன்றம்; ஏறாவிடில் வெறும் மேட்டுக்குடி மண்டபம்.

சட்டம் மட்டும் போதுமா என்றால், பாலாறு விடை சொல்லும். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், மாசு செய்தவனே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டமே என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்பது அத்தீர்ப்பில் இடம்பெற்ற செய்தி. அதன்பின் ஒரு தலைமுறை வளர்ந்து வாக்குரிமையும் பெற்றுவிட்டது. 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அதே பாலாற்றுக்காக உச்சநீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. தீர்ப்பு தில்லியில் இருக்கிறது. ஆறு வாணியம்பாடியில் இருக்கிறது. இடையில் நாள்தோறும் காவல் நிற்க ஒருவர் வேண்டாவோ?

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பட்டியலிட்டது. குடிநீரும் நீர் மேலாண்மையும் அதிலுண்டு. ஒப்படைக்கத்தக்கவை என்று பட்டியலிட்டதோடு சரி. ஒப்படைப்பது மாநில அரசின் மனத்தைப் பொறுத்தது. தண்ணீரைக் காக்கும் கடமை ஊராட்சிக்கு; தண்ணீரைக் கெடுப்பவனைத் தண்டிக்கும் அதிகாரம் வேறெங்கோ! காவலனுக்கு விளக்கைக் கொடுத்து, தடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய கதை இது.

அந்தத் தடியும் இப்போது மெலிகிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை 2024-இல் நாடாளுமன்றம் திருத்தியது. பல குற்றங்களுக்கு இருந்த சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை தண்டத் தொகை என்றாயிற்று. இங்கேதான் அறத்தின் கூரிய கேள்வி எழுகிறது. தண்டம் வேறு, விலை வேறு. 'செய்யாதே' என்பது தண்டம். 'இவ்வளவு கொடுத்துவிட்டுச் செய்துகொள்' என்பது விலை. சிறு பட்டறைக்காரனை ஒடித்துப்போடும் 15 லட்சம், பெருங்கம்பெனிக்கு விளம்பரச் செலவில் ஒரு துளி. செலுத்துபவனுக்கு வலிக்காத தண்டம், நஞ்சுக்கு விதித்த சுங்கவரியே ஆகும். வரி கட்டியவன் குற்றவாளியல்லன், வாடிக்கையாளன்!

இதிலும் மாநிலங்களுக்கு ஒரு பங்குண்டு. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளதாதலால், அத்தகைய திருத்தம், சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி ஏற்கும் மாநிலத்தில்தான் செல்லும். ஆகவே சட்டமன்றத்தின் முன் ஊராட்சிகள் தம் குரலை வைக்க இடமிருக்கிறது, நகராட்சிகளுக்கும் இடமிருக்கிறது. 'எங்கள் நீரைக் கெடுப்பவன் ஈடுகட்டும் சட்டம் வேண்டும். அச்சட்டத்தின்படி முறையிடும் உரிமை எங்களுக்கும் வேண்டும்' என்று ஆயிரம் மன்றங்கள் எழுதினால், அதைப் படியாமல் ஒதுக்க எந்த ஆட்சியாலும் இயலாது.

இளைஞர்களே! இது பேசிக் கலையும் பொருளன்று. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுவதென்று 2022-இல் முடிவாயிற்று. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று உங்கள் ஊர் மன்றத்துக்குச் செல்லுங்கள். நாற்காலியில் அமர்ந்திருப்போரிடம், 'நம் கிணற்று நீர் கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது? முடிவு எங்கே?' என்று கேளுங்கள். விடை இல்லையெனில், அதையே முதல் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். ஆண்டுதோறும் ஆய்வு முடிவு ஊர்ச் சுவரில் எழுதப்படட்டும். நீர் மாசுச் சட்டத்தின்கீழ், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தனிமனிதரும் நீதிமன்றத்தில் முறையிட 1988-இலேயே வழி வகுக்கப்பட்டது என்பதை ஊராருக்குப் படித்துச் சொல்லுங்கள். சேரியின் கிணறும் அந்த ஆய்வுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத பட்டியல் பட்டியலன்று.

தண்ணீர் கெட்டதற்கு விதியைக் காரணம் காட்டிய காலமொன்று இருந்தது. இன்று சந்தையைக் காரணம் காட்டுகிறார்கள். வளர்ச்சியைக் காரணம் காட்டுகிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது, 'யாரும் பொறுப்பில்லை' என்ற பழைய பாட்டு மாறவில்லை. பிளாச்சிமடைப் பெண்கள் அந்தப் பாட்டைக் கேட்டுத் தலையசைக்க மறுத்தனர். அவர்கள் ஆலையை நிறுத்தினர். ஆனால் அவர்களுக்குரிய சட்டம் பிறக்கவில்லை. வென்றவர்களுக்கு நீதி கிடைக்காத விந்தை அது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

குடத்தோடு நிற்கும் அந்தத் தாய் கேட்ட கேள்வி நம் முன் இருக்கிறது. 'யார் கெடுத்தது?' என்று அவள் கேட்டாள். அவளுக்குப் பின்னால் அவள் ஊர் மன்றம் நின்று அதே கேள்வியைக் கேட்கட்டும். மன்றத்தின் பின்னால் சட்டம் நிற்கட்டும். அப்போது வாயிற்காவலர் விடை சொல்ல வேண்டியதில்லை. விடை சொல்ல வேண்டியவர் வாயிலுக்கு வருவார்.